பெங்களூரில் பைக் லைசன்ஸ் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர் பக்கம், பி.ஜி. விடுதிகள் நிறைந்த தெருவில் குடியிருந்து, வாசலில் சொந்த பைக்கையும் நிறுத்தி வைத்திருக்கும் பெண் என்றால் லைசன்ஸ் சந்தேகங்கள் தானாகவே தேடி வரும். தர்மபுரியோ வேலூரோ திருநெல்வேலியோ, எங்கிருந்து வேலைக்கு வந்தவர்களானாலும் கேட்பது ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

"அக்கா, லைசன்ஸ் எடுக்க முதல்ல எங்க போகணும்?"

எங்கும் போக வேண்டாம், முதலில் போனைத் திறங்கள். சாரதி பரிவாகன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் மாநிலம் கர்நாடகா என்று தேர்ந்தெடுத்து, பழகுநர் உரிமத்துக்கு, அதாவது எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதே பெயரைப் போலத் தோன்றும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வந்து நிற்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வரிசை இதுதான்: எல்.எல்.ஆர்., அதன்பின் குறைந்தது 30 நாள் பழக்கம், அப்புறம் ஓட்டிக் காட்டும் தேர்வு, கடைசியில் லைசன்ஸ் கார்டு. எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். ஆக, முப்பது நாள் முடிந்ததிலிருந்து ஆறு மாதம் நிறைவதற்குள் தேர்வில் தேறிவிட வேண்டும். தவறினால் எல்.எல்.ஆரை மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

"பையனுக்குப் பதினாறுதான் ஆகுது. எக்ஸ்.எல். சின்ன வண்டிதானே, அதை ஓட்டலாமா?"

கூடாது. பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்வது 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை மட்டும்தான். அதற்கும் பெற்றோர் சம்மதத்தோடு லைசன்ஸ் எடுத்திருக்க வேண்டும். டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 கிட்டத்தட்ட 100 சி.சி. வண்டி. ஆக்டிவா, ஜூபிடர் எல்லாம் அதற்கும் மேலே. கடையில் கிடைக்கும் பெட்ரோல் வண்டி எதுவானாலும் பதினெட்டு ஆகியிருக்க வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பால் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குத்தானே என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒன்று. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை லைசன்ஸ் கிடையாது.

"என் ஆதார்ல திருவண்ணாமலை அட்ரஸ் இருக்கு. இங்க தருவாங்களா, ஊருக்குத்தான் போகணுமா?"

இங்கேயே எடுக்கலாம். நீங்கள் வழக்கமாக வசிக்கும் மாநிலத்திலோ தொழில் செய்யும் மாநிலத்திலோ எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம் என்பதே சட்டம். ஆனால் இங்கே வசிப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், சிக்கல் அங்கேதான். ஆதார் வழியாக விண்ணப்பித்தால் ஆதாரில் உள்ள முகவரியே படிவத்தில் வந்து உட்காரும். ஊர் முகவரி இருந்தால் கர்நாடக விண்ணப்பம் அங்கேயே தடுக்கி நிற்கும்.

தலைவலி இல்லாத வழி, முதலில் ஆதாரில் பெங்களூர் முகவரியை ஏற்றிவிடுவது. அது முடியாதவர்கள் ஆதார் இல்லாத வழியில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை போன்ற வேறு முகவரிச் சான்றை ஏற்றி, அசலோடு அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். எதுவுமே இல்லாதவர்கள் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்கவும் விதியில் இடமுண்டு. வெறும் வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஓர் அலுவலகம் வாங்கிக்கொள்ளும், இன்னொன்று திருப்பி அனுப்பும்.

ஊரிலேயே எடுத்தாலும் குற்றமில்லை, எல்.எல்.ஆரும் லைசன்ஸும் இந்தியா முழுக்கச் செல்லும். ஆனால் தேர்வு வேலை நாளில் நடக்கும். அங்கே போய் ஒரு தடவை தவறினால் மறுபடி பஸ், மறுபடி லீவு. இங்கேயே இருக்கப்போகிறவர்கள் இங்கேயே எடுப்பது நல்லது.

"எந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் நம்மளுது?"

விண்ணப்பத்தில் பின்கோடு கொடுத்தால் அதுவே காட்டும். கோரமங்கலா 01, ராஜாஜிநகர் 02, இந்திராநகர் 03, யஷ்வந்த்பூர் 04, ஜெயநகர் 05, ஞானபாரதி 41, யெலஹங்கா 50, எலெக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர்.புரம் 53. வண்டி நம்பரில் கே.ஏ.வுக்கு அடுத்து வரும் எண்கள் இவைதான். பெயரைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாதீர்கள்: இந்திராநகர் அலுவலகம் இருப்பது கஸ்தூரி நகரில்.

இன்னொரு குழப்பமும் உண்டு. விண்ணப்பித்த அலுவலகம் ஒன்றாகவும் ஓட்டிக் காட்டும் இடம் வேறாகவும் இருக்கலாம். மல்லத்தஹள்ளியில் ஞானபாரதி அலுவலகத்தின் தானியங்கித் தேர்வுத் தளம் இருக்கிறது, வேறு அலுவலகக்காரர்களுக்கும் அங்கே தேர்வு விழுவதுண்டு. ஸ்லாட் சீட்டில், அதாவது தேர்வுக்கு நாளும் நேரமும் பதிவு செய்த சீட்டில், அச்சான இடத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். கோரமங்கலாவில் போய் நின்றுகொண்டு மல்லத்தஹள்ளிக்கு எப்படிப் போவது என்று போன் செய்தவர்கள் இருக்கிறார்கள். காலை நேரத்தில் அந்தத் தூரத்தைப் பிடிக்கவே முடியாது.

"நான் ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டுவேன். கியர் இல்லாததுக்கு எடுத்தா போதாதா?"

போதும். ஆனாலும் வேண்டாம் என்பேன். கியர் இல்லாத வகையில் லைசன்ஸ் எடுத்தால் ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டலாம். கியர் உள்ள வகையில் எடுத்தால் பைக், ஸ்கூட்டர் இரண்டும் ஓட்டலாம். இதில் சி.சி. கணக்கும் கிடையாது. ஸ்பிளெண்டரில் தேர்வு கொடுத்தவர் புல்லட்டும் ஓட்டலாம்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். இன்று ஸ்கூட்டர்தான், சரி. நாளை அலுவலக நண்பரின் பைக்கை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓட வேண்டி வரும், அல்லது கல்யாணம் ஆன வீட்டில் பைக்தான் இருக்கும். அப்போது புதிய வகையைச் சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி எல்.எல்.ஆர்., மறுபடி 30 நாள், மறுபடி தேர்வு. வகை சேர்க்க மட்டும் 500 ரூபாய் கட்டணம். பெண்கள் என்றாலே புரோக்கர்களும் சில பயிற்சிப் பள்ளிகளும் கேட்காமலேயே கியர் இல்லாத வகையை டிக் செய்துவிடுகிறார்கள். படிவத்தை அனுப்பும் முன் அந்தக் கட்டத்தை நீங்களே பாருங்கள்.

"மொத்தம் எவ்வளவு ஆகும்? புரோக்கர் அஞ்சாயிரம் கேக்கறார்."

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், அதன் தேர்வுக்கு 50. ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு 300, லைசன்ஸ் வழங்க 200. ஆக 700. மாநிலச் சேவைக் கட்டணம் ஏதாவது சேர்ந்தால் ரசீதில் தனியாகத் தெரியும். காருக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம், அப்படியானால் வகைக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் இரண்டு தடவை வரும்.

மீதிப் பணம் எதற்கு என்று புரோக்கரிடம் கேளுங்கள். படிவம் நிரப்புவது, ஸ்லாட் போடுவது, வாசலில் கூட நிற்பது என்பார். இணையம் பழகாத வயதானவர்களுக்கு அந்த உதவி தேவைப்படலாம், அதைக் குறை சொல்லவில்லை. டெஸ்ட் ஓட்டாமலேயே வாங்கித் தருகிறேன் என்கிறவரிடமிருந்து மட்டும் விலகி வந்துவிடுங்கள். ஓட்டத் தெரியாதவருக்கு லைசன்ஸ் கிடைத்து என்ன ஆகப்போகிறது, அவரும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலைத் தாண்டித்தானே போக வேண்டும்.

"எல்.எல்.ஆர். பரீட்சைல என்ன கேப்பாங்க? எனக்குக் கன்னடம் படிக்க வராது."

ஆங்கிலத்தில் எழுதலாம். கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. பெரும்பகுதி சாலைக் குறியீடுகள்தான். சிவப்பு விளிம்பு வட்டம் என்றால் தடை அல்லது வரம்பு, நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டியது, சிவப்பு விளிம்பு முக்கோணம் என்றால் எச்சரிக்கை, நீலச் சதுரமோ செவ்வகமோ என்றால் தகவல். இந்தப் பிரிவு மனதில் பதிந்தால் பாதிக் கேள்விகளுக்குப் படத்தைப் பார்த்தே விடை சொல்லலாம். மீதி, ஆம்புலன்ஸுக்கு வழி விடுவது, வரிக்குதிரைக் கோடு, எங்கே முந்தக் கூடாது, குடித்துவிட்டு ஓட்டினால் என்ன என்பது மாதிரி. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்ற வரம்பை நினைவில் வையுங்கள்.

ஆதார் வழியில் விண்ணப்பித்தவர்கள் வீட்டிலிருந்தே எழுதலாம். கேமரா முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பின்னால் அறைத்தோழி எட்டிப் பார்க்காத இடமாக உட்காருங்கள்.

"எல்.எல்.ஆர். கைல இருந்தா தனியா ஓட்டலாமா? ஃபிரெண்டைப் பின்னாடி ஏத்திக்கலாமா?"

இதைப் பலரும் தவறாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். எல்.எல்.ஆர். என்பது பழகுவதற்கான அனுமதி மட்டும்தான். லைசன்ஸ் உள்ள ஒருவர் சொல்லிக்கொடுப்பவராகக் கூடவே, வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். பைக்கில் அப்படிச் சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது. ஆகவே லைசன்ஸ் இல்லாத ஃபிரெண்ட் ஏறக் கூடாது. லைசன்ஸ் உள்ள ஃபிரெண்ட், பழக்கித் தருவதற்காக ஏறலாம்.

தினமும் தனியாக அலுவலகம் போய்வர எல்.எல்.ஆர். போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போலீஸ் நிறுத்தினால் லைசன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு வரும். சட்டப்படி அதற்கு 5,000 ரூபாய் வரை போகலாம்.

"எங்கதான் பழகறது? ரோட்டைப் பாத்தாலே பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கு இதே நகரம் வேறு நகரமாக இருக்கும். வீடு கட்டாத மனைகள் நிறைந்த புது லேஅவுட்டுகளின் உள்சாலைகள் பழக ஏற்றவை. மெயின் ரோட்டுக்கு அவசரப்பட வேண்டாம்.

முதலில் வண்டியை ஓட்டாமல் தள்ளிப் பழகுங்கள். நிறுத்தி, சாய்த்து, ஸ்டாண்ட் போட்டு எடுத்து, அதன் கனத்தைக் கை உணர வேண்டும். அதன்பின் கிளட்ச் மட்டும்: முதல் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெல்ல விட்டால் எந்த இடத்தில் வண்டி நகரத் தொடங்குகிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த இடம் வண்டிக்கு வண்டி மாறும். அது கைக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி பைக் ஓட்டத் தெரிந்த மாதிரி. இதைச் செய்யாமல் நேராக முறுக்கத் தொடங்குகிறவர்கள்தான் சிக்னலில் வண்டி அணைந்து, பின்னால் ஹாரன் அடிக்க, கை நடுங்குகிறார்கள்.

அடுத்தது பிரேக். நேராகப் போகும்போது முன் பிரேக்தான் வண்டியை நிறுத்தும், பின் பிரேக் துணை. ஹேண்டில் திரும்பியிருக்கும்போதோ மணல் மேலோ முன் பிரேக்கைப் பட்டென்று பிடித்தால் விழுவீர்கள். இந்த ஊரில் மெட்ரோ வேலை, குழாய் வேலை என்று தோண்டிப் போட்ட இடத்திலெல்லாம் ஜல்லி கிடக்கும், மழை விட்ட மறுநாள் பள்ளம் எது குட்டை எது என்று தெரியாது. இதையும் பழக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"டெஸ்டுல எட்டு போடச் சொல்வாங்களா? கால் கீழ பட்டா ஃபெயிலா?"

வளைந்து வளைந்து போகும் பாதையில் மெதுவாக, கால் ஊன்றாமல், கோட்டைத் தொடாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். எட்டு வடிவமோ பாம்பு வளைவோ, தளத்துக்குத் தக்கபடி இருக்கும். தானியங்கித் தளத்தில் இதைக் கேமராவும் சென்சாரும் பார்க்கும், மற்ற இடங்களில் ஆய்வாளர் பார்ப்பார். ஆய்வாளராவது பதற்றத்தைப் பார்த்து இரக்கப்படலாம், சென்சாருக்கு அது தெரியாது. கால் பட்டால் போச்சு என்ற நினைப்போடே பழகுங்கள்.

வேகமாகப் போனால் வளைவு போதாது, ரொம்ப மெதுவாகப் போனால் வண்டி சாயும். ரகசியம் கிளட்சிலும் பின் பிரேக்கிலும்தான் இருக்கிறது. முதல் கியர், கிளட்ச் பாதிப் பிடியில், ஆக்ஸிலரேட்டர் ஒரே அளவில், பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி. இன்ஜின் இழுக்க, பிரேக் பிடித்து நிறுத்த, நடுவில் வண்டி நிதானமாக நிற்கும். முன் பிரேக்கில் விரலே வேண்டாம். கண் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, அடுத்து எங்கே திரும்பப் போகிறோமோ அங்கே பார்க்க வேண்டும். பார்வை போகிற பக்கம் வண்டி போகும். உடம்பை வளைவுக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளலாம்.

தரையில் சாக்பீஸால் கோடு போட்டோ செங்கல் வைத்தோ வீட்டருகே பழகுங்கள். தேர்வில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறுகலாக வைத்துப் பழகினால் அன்று தளம் அகலமாகத் தெரியும். தொடங்கும்போதும் திரும்பும்போதும் இண்டிகேட்டர் போட மறக்காதீர்கள். நன்றாக ஓட்டுகிறவர்களே கோட்டைவிடுவது இதில்தான்.

"டெஸ்டுக்கு வண்டி அவங்களே தருவாங்களா?"

தரமாட்டார்கள். நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கடன் வாங்கிய வண்டியானாலும் சரி, ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். புகைச் சான்று காலாவதியாகித் திரும்பி வருகிறவர்கள் நிறைய. விண்ணப்பித்த வகைக்கு ஏற்ற வண்டியாக இருக்க வேண்டும்: கியர் வகைக்குக் கியர் வண்டி.

கனமான பைக்கை எடுத்துப் போகாதீர்கள். 100, 110 சி.சி. வண்டி இலகுவாக வளையும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டும் கட்டாயம். இந்த ஊரில் பிரபலமான அரைத் தொப்பி ஹெல்மெட்டோடு தேர்வுக்குப் போவது வம்பை விலைக்கு வாங்குவது. தேர்வுத் தளம் வரை வண்டியை நீங்களே தனியாக ஓட்டிப் போகக் கூடாது, மேலே சொன்ன எல்.எல்.ஆர். விதி அன்றைக்கும் பொருந்தும்.

"ஃபெயில் ஆயிட்டா?"

7 நாள் கழித்து மறுபடி வரலாம், 300 ரூபாய் தேர்வுக் கட்டணம் மறுபடி. மூன்று தடவை தவறினால் கடைசித் தேர்விலிருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும். இதற்கிடையில் எல்.எல்.ஆரின் ஆறு மாதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்தாவது மாதத்தில்தான் ஸ்லாட் தேடத் தொடங்குகிறவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். முப்பதாவது நாள் முடிந்த கையோடு முதல் தேர்வுக்கு நாள் போட்டுவிடுங்கள்.

"டிரைவிங் ஸ்கூல்ல சேந்தா ஆர்.டி.ஓ. டெஸ்டே இல்லைன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

பாதி உண்மை. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கென்று 2021இல் தனி விதிகள் வந்தன. அந்த வகை மையத்தில் பயிற்சி முடித்து அங்கே தேறினால் ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு நிலப்பரப்பு, சிமுலேட்டர், தேர்வுத் தளம் என்று பெரிய நிபந்தனைகள் இருக்கின்றன. தெருமுனையில் பழைய மாருதியை வைத்து நடத்தும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. அவர்கள் தரும் சான்றிதழ் பழகியதற்குத்தான், தேர்வுக்குப் பதிலாக அல்ல. விலக்கு உண்டு என்று சொல்லும் பள்ளியிடம் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

"எனக்கு 42 வயசு. டாக்டர் சர்டிபிகேட் வேணுமாமே? எனக்குக் கொஞ்சம் நிறக்குருடும் இருக்கு."

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவரின் சான்று வேண்டும், அது படிவம் 1ஏ. நாற்பதுக்குக் கீழே சொந்த வண்டி ஓட்டுகிறவர்களுக்கு உடல்நிலை பற்றிய சுய உறுதிமொழி, படிவம் 1, போதும். லேசான, நடுத்தர அளவு நிறக்குருடு உள்ளவர்களுக்கு லைசன்ஸ் தரலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. கடுமையானதென்றால் கிடைக்காது. எந்த அளவு என்று கண் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், மறைத்து எழுதாதீர்கள்.

"பாஸ் பண்ணிட்டேன், கார்டு இன்னும் வரலை. போன்ல காட்டினா ஒத்துக்குவாங்களா?"

ஒத்துக்கொள்ள வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்கும் லைசன்ஸ், அசல் கார்டுக்குச் சமம். வெறும் போட்டோவும் ஜெராக்ஸும் அப்படியல்ல. கார்டு ஸ்பீடு போஸ்டில் வரும். பி.ஜி. முகவரி கொடுத்துவிட்டு அதற்குள் வேறு பி.ஜி.க்கு மாறிவிடாதீர்கள், திரும்பிப் போன கார்டை மீட்பது தனி அலைச்சல்.

"தமிழ்நாட்டு லைசன்ஸ் இருக்கு, வண்டியும் டி.என். நம்பர். ரெண்டையும் மாத்தணுமா?"

லைசன்ஸை மாற்ற வேண்டியதில்லை, மேலே சொன்னபடி அது நாடு முழுக்கச் செல்லும். முகவரி மாற்ற விரும்பினால் 200 ரூபாய்க் கட்டணத்தில் இங்கேயே மாற்றலாம். புதுப்பிப்பதற்கும் ஊருக்குப் போக வேண்டாம்.

வண்டியின் கதை வேறு. வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தமிழ்நாட்டு அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்து, கர்நாடக சாலை வரியும் கட்ட வேண்டும். அது இந்தப் பக்கத்தில் அடங்காத பெரிய கதை.

"எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் வேண்டாம்தானே?"

மோட்டார் சக்தி 250 வாட்டுக்குள்ளும் வேகம் 25 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கும் சின்ன வண்டிகளுக்கு மட்டும் வேண்டாம். டெலிவரித் தம்பிகள் ஓட்டும் யூலு மாதிரி. அவற்றுக்கு நம்பர் பிளேட்டும் கிடையாது. ஏதர், ஓலா, சேத்தக் எல்லாவற்றுக்கும் லைசன்ஸ் கட்டாயம், கியர் இல்லாத வகை போதும். ஏதரும் ஓலாவும் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நம்ம ஊரில் செய்கிற வண்டிகள்தான், அதற்காகச் சலுகை கிடைக்காது. பச்சை நம்பர் பிளேட் இருக்கிறதென்றால் லைசன்ஸும் வேண்டும், அவ்வளவுதான்.

"அப்பாவோட லைசன்ஸ் பழைய புக். முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு."

லைசன்ஸ் முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்து, முடிந்து ஓராண்டு வரை புதுப்பிக்கலாம். முன்பு இருந்த 30 நாள் சலுகை 2019 திருத்தத்தோடு போய்விட்டது. முடிந்த மறுநாளே அது செல்லாத லைசன்ஸ். ஓராண்டும் தாண்டிவிட்டால் அப்பா மறுபடி ஓட்டிக் காட்டத்தான் வேண்டும். எத்தனை வருடம் ஓட்டியவர் என்பது சென்சாருக்குத் தெரியாது. எட்டு பற்றிய பதிலை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். கோபப்படுவார், பரவாயில்லை.

பழைய புத்தக லைசன்ஸ் சாரதியில் ஏறியிருக்காது. அதைக் கணினியில் ஏற்ற, வழங்கிய ஊர் அலுவலகத்தைத்தான் முதலில் அணுக வேண்டும். இனி எடுப்பவர்களுக்குக் கணக்கு இது: முப்பதுக்குக் கீழே எடுத்தால் நாற்பது வயது வரை செல்லும், முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் பத்தாண்டு, ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் அறுபது வயது வரை, அதற்கு மேல் ஐந்தைந்து ஆண்டாக.

"ஸ்கூட்டி லைசன்ஸ்தான் இருக்கு. தம்பி பல்சரை ஓட்டும்போது யாரையாவது இடிச்சிட்டா இன்சூரன்ஸ் தருமா?"

பல்சர் கியர் வண்டி, உங்கள் லைசன்ஸ் அதற்குச் செல்லாது. அடிபட்டவருக்கு நஷ்டஈடு கிடைக்காமல் போய்விடாது. ஸ்வரண் சிங் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின் வழியில், இன்சூரன்ஸ் நிறுவனத்தை முதலில் கொடுக்கச் சொல்லி, பின்பு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொல்வது நீதிமன்றங்களின் வழக்கம். உரிமையாளர் யார்? உங்கள் தம்பி. செல்லாத லைசன்ஸ் உள்ளவரிடம் வண்டியைக் கொடுத்ததற்காகவும் அவர் மேல் தனியாக வழக்கு வரலாம்.

வண்டியின் சேதத்துக்குப் பணம் கேட்டால் நிறுவனம் கையை விரிக்கும். உரிமையாளரே ஓட்டி அடிபட்டால் வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கும், அந்த வண்டிக்குச் செல்லும் லைசன்ஸ் அவரிடம் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. கியர் வகையிலேயே எடுங்கள் என்று மேலே அத்தனை அழுத்திச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

"லைசன்ஸ் வந்தாச்சு! இந்த வாரமே மைசூருக்கு எக்ஸ்பிரஸ்வேல ஒரு ரவுண்டு போலாமா?"

மைசூருக்குப் போகலாம், எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் போக முடியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே பைக்குக்கும் ஆட்டோவுக்கும் தடை. பக்கத்துச் சர்வீஸ் சாலையில், ராமநகரம், மத்தூர் என்று ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகலாம். மத்தூரில் வடை சாப்பிட நிறுத்துவதற்கு அதுதான் வசதியும்கூட. நகரைச் சுற்றிப் போகும் நைஸ் ரோடு என்ற சுங்கச் சாலையில் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை பைக்குக்குத் தடை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முதல் வாரமே வேண்டாமே. ஓசூர் வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். லாரிகளுக்கு நடுவே கை எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். பின்னால் ஆளை ஏற்றினால் அவருக்கும் ஹெல்மெட் வேண்டும், நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கும்கூட.